தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பிரீமியம் லேப்டாப்: வாங்கலாமா, வேண்டாமா?

தலைப்பில் உள்ள கேள்வியைக் கேட்டவரின் நிலை சுருக்கமாக இது. பட்ஜெட் இரண்டு லட்சத்தை ஒட்டி. முக்கிய வேலை கல்யாண வீடியோ எடிட்டிங். அவ்வப்போது பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் சின்னச் சின்ன அனிமேஷன். ஏஐ மாடல்களை நெட் இல்லாமல் சொந்த மெஷினிலேயே ஓட்டிப் பார்க்க ஆசை. ஞாயிற்றுக்கிழமைகளில் கேம். பையில் போட்டால் தோள் வலிக்காத எடையில் வேண்டும். ஆனால் இந்த வருடப் பிரீமியம் மாடல்கள் பலவற்றில் தனி கார்டே காணோம். கம்பெனிகள் காசை மிச்சம் பிடிக்கின்றனவா, இல்லை ப்ராசசரோடு சேர்ந்தே வரும் இன்டக்ரேட்டட் கிராஃபிக்ஸ் நிஜமாகவே அவ்வளவு வளர்ந்துவிட்டதா என்று கேட்கிறார்.

இரண்டிலும் உண்மை இருக்கிறது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெல்லிய உடம்புக்குள் திணித்து வைத்த சின்ன தனி கார்டின் காலம் முடிந்துவிட்டது, அதற்காக யாரும் ஒப்பாரி வைக்க வேண்டாம். பெரிய கார்டின் காலம் முடியவில்லை, சீக்கிரம் முடியும் என்றும் தோன்றவில்லை. தனி கார்டு வேண்டுமென்றால் வேண்டிய கரண்ட் கொடுத்து ஓடவிடும் மெஷினாகப் பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் கார்டே இல்லாமல் வாங்குங்கள். நடுவில் இருப்பவற்றுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

ஏன் என்பதற்கு டெல்லின் பிரீமியம் லேப்டாப் வரிசையான எக்ஸ்பிஎஸ்ஸே நல்ல சாட்சி. 2024-இல் வந்த எக்ஸ்பிஎஸ் 14-ஐ என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4050 கார்டுடன் வாங்க முடிந்தது. 2025 ஜனவரியில் டெல் அந்தப் பெயரையே தூக்கிப் போட்டது. ஒரு வருடம் கழித்து, 2026 ஜனவரியில் லாஸ் வேகாஸ் சிஇஎஸ் கண்காட்சியில் பெயரைத் திரும்பக் கொண்டுவந்தது. திரும்பி வந்த 14, 16 இரண்டிலும் இன்டெல்லின் இன்டக்ரேட்டட் கிராஃபிக்ஸ் மட்டும்தான். 'இந்த விலைக்குக் கார்டு கூட இல்லையா' என்று பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பழைய எக்ஸ்பிஎஸ் 14-இன் ஸ்பெக் பக்கத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தவர்கள் அவ்வளவு கொதிக்க மாட்டார்கள். அதில் இருந்த 4050-க்கு டெல் ஒதுக்கியிருந்தது 30 வாட். அதே சிப்பை 115 வாட் வரை ஓட்டலாம் என்கிறது என்விடியா. பெயர் ஒன்றுதான், ஆனால் கேமிங் லேப்டாப்பில் இருக்கும் 4050-உம் இதுவும் ஒன்றல்ல. அண்ணன் மாடலான 2024 எக்ஸ்பிஎஸ் 16-இலும் கதை இதேதான்: அதில் போடக்கூடிய உச்சபட்சக் கார்டான 4070-க்குக் கிடைத்தது 60 வாட்.

வாட் குறைந்தால் வேகமும் அதே விகிதத்தில் குறையும் என்று நினைத்துவிடக் கூடாது. சிப் உச்ச வேகத்துக்குப் போகப்போக மின்னழுத்தத்தை ஏற்ற வேண்டியிருக்கும், மின்செலவு அதனால் தாறுமாறாக ஏறும். எனவே 115-ஐ 80 ஆகக் குறைத்தால் இழப்பு கொஞ்சம்தான். சிக்கல் அடிமட்டத்தில். கார்டுக்கென்று சொல்லப்படும் வாட் கணக்கில் அதன் சொந்த மெமரி சிப்களின் செலவும் அடக்கம். கார்டில் வரும் ஜிடிடிஆர்6 வகை மெமரி வேகமானது, ஆனால் கரண்ட்டை நன்றாக இழுக்கும். மொத்தமே 30 வாட் என்றால் மெமரியும் மற்றவையும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு, படம் வரையும் சிப்புக்கு மிஞ்சுவது சொற்பம். இன்டக்ரேட்டடுக்கு இந்தத் தண்டச் செலவு இல்லை. ப்ராசசருக்காக எப்படியும் ஓடிக்கொண்டிருக்கும் ரேமையே அதுவும் பயன்படுத்திக்கொள்கிறது. 30, 40 வாட் எல்லைக்குள் இரண்டையும் மோதவிட்டால் தனி கார்டு தன் பலத்தைக் காட்ட முடியாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

சரி, இன்டக்ரேட்டட் என்றாலே இத்தனை வருடம் ஏன் இளக்காரம்? 1999-இல் இன்டெல் தன் 810 சிப்செட்டில் கிராஃபிக்ஸைச் சேர்த்தது, 2011-இல் சாண்டி பிரிட்ஜில் ப்ராசசர் இருக்கும் அதே சிலிக்கான் துண்டுக்குள் கொண்டுவந்தது. கணக்குப் போடும் திறன் வருடா வருடம் கூடிக்கொண்டுதான் இருந்தது. அதற்கு ஈடாக ஏறாமல் பின்தங்கியது மெமரி வேகம். கிராஃபிக்ஸ் என்பது பெரும்பாலும் மெமரியிலிருந்து ஏராளமான தரவை எடுத்து, மாற்றி, திரும்ப எழுதும் வேலை. எத்தனை கோர் இருந்தாலும் தரவு வந்து சேரவில்லையென்றால் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இந்தக் கணக்கை நீங்களே போடலாம். ரேமின் வேகத்தை, இணைப்பின் அகலத்தால் பெருக்கி, 8-ஆல் வகுக்க வேண்டும். சாதாரண லேப்டாப்பில் கழற்றி மாட்டும் டிடிஆர்5-5600 ரேம் இரண்டு போட்டால் அகலம் 128 பிட். 5600-ஐ 128-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் விநாடிக்கு 89,600 எம்பி, ஏறக்குறைய 90 ஜிபி. 2024 செப்டம்பரில் வந்த இன்டெல்லின் லூனார் லேக் ப்ராசசர் வரிசையில் ரேம் ப்ராசசருடன் ஒரே பொதிக்குள் இருந்தது. வேகம் 8533, அதாவது விநாடிக்கு 136 ஜிபி. 2026-இல் அதன் அடுத்த வரிசையாக வந்த பாந்தர் லேக்கில் 9600 வரை போகலாம், அது 153 ஜிபி. லேப்டாப் ஆர்டிஎக்ஸ் 4050-க்கு 192 ஜிபி. இடைவெளி எப்படிச் சுருங்கிவிட்டது பாருங்கள். போதாக்குறைக்குப் பாந்தர் லேக்கின் பெரிய கிராஃபிக்ஸ் பகுதிக்கு 16 எம்பி எல்2 கேஷ் தனியாக இருக்கிறது. அடிக்கடி தேவைப்படும் தரவு அங்கேயே கிடைத்துவிடுவதால் ரேம் பக்கம் ஓடும் வேலை குறைகிறது. ஆர்க் பி390 என்று பெயர் வைத்த இந்தப் பெரிய கிராஃபிக்ஸை ஆர்டிஎக்ஸ் 4050 பக்கத்தில் நிறுத்தி இன்டெல் ஒப்பிட்டுக் காட்டுவது வெறும் வாய்ச்சவடால் இல்லை. ஆனால் ஒப்பீட்டு வரைபடங்களைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. நிஜ ஃபிரேம்களுக்கு நடுவே ஏஐ உருவாக்கிய ஃபிரேம்களைச் செருகும் 'மல்டி ஃபிரேம் ஜெனரேஷன்' போட்டு எடுத்த எண்களை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள். நடுவில் செருகிய ஃபிரேம்கள் கண்ணுக்குத்தான் வழவழப்பு, மவுஸை அசைத்தால் உண்மை வேகம் தெரிந்துவிடும். என்விடியாவும் இதே வித்தையைத்தான் காட்டுகிறது, இன்டெல்லை மட்டும் குறை சொல்வதற்கில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கடையில் நிறையப் பேர் விழப்போவது இதில்தான். பாந்தர் லேக் என்று எழுதியிருப்பதாலேயே நல்ல கிராஃபிக்ஸ் கிடைத்துவிடாது. கோர் அல்ட்ரா எக்ஸ்7 358எச், எக்ஸ்9 388எச் என்று பெயரில் 'எக்ஸ்' இருந்தால் 12 கிராஃபிக்ஸ் கோர், அதுதான் பி390. வெறும் கோர் அல்ட்ரா 7 356எச், 9 386எச் என்றிருந்தால் 4 கோர் மட்டும். மூன்றில் ஒரு பங்கு! ப்ராசசர் வேகத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் விற்பனையாளர் 'ரெண்டும் ஒண்ணுதான் சார்' என்பார். அவர் பொய் சொல்லவில்லை, கிராஃபிக்ஸைப் பற்றி அவர் பேசவில்லை, அவ்வளவுதான். 4 கோர் வகை தனி கார்டுடன் ஜோடி சேர்க்கவென்றே செய்யப்பட்டது. அதில் கார்டு போன்றவற்றை இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதைகள் 20, 12 கோர் வகையில் 12. ஆக, 4 கோர் சிப் போட்டு, தனி கார்டும் இல்லாமல், பிரீமியம் விலையில் வரும் லேப்டாப்பைக் கண்டால் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டுங்கள். ஏஎம்டி பக்கமும் இதே குழப்பம் உண்டு: ரைசன் ஏஐ 9 எச்எக்ஸ் 370-இல் ரேடியான் 890எம், 16 கிராஃபிக்ஸ் யூனிட். ரைசன் ஏஐ 7 350-இல் 860எம், 8 யூனிட்.

இன்டக்ரேட்டட் எவ்வளவு தூரம் போகலாம் என்று முதலில் காட்டியது ஆப்பிள். 2020 நவம்பரில் எம்1 வந்தபோது பலர் சிரித்தார்கள். 2021-இல் எம்1 மேக்ஸ் விநாடிக்கு 400 ஜிபி மெமரி வேகத்துடன் வந்தபோது சிரிப்பு நின்றது. 2024-இன் எம்4 மேக்ஸில் அது 546. ப்ராசசரும் கிராஃபிக்ஸும் ஒரே மெமரியைப் பங்கு போட்டுக்கொள்வதால் 128 ஜிபி வரை கிராஃபிக்ஸ் வேலைக்கே எட்டும் தூரத்தில் இருக்கிறது. விண்டோஸ் உலகில் இதற்குச் சமமாக ஏஎம்டி 2025 ஜனவரியில் அறிவித்தது ரைசன் ஏஐ மேக்ஸ் பிளஸ் 395. பேரு நீளம்தான், எல்லோரும் ஸ்ட்ரிக்ஸ் ஹாலோ என்றே கூப்பிடுகிறார்கள். 40 கிராஃபிக்ஸ் யூனிட், 256 பிட் அகலம், விநாடிக்கு 256 ஜிபி. லேப்டாப் ஆர்டிஎக்ஸ் 4060-க்கு இருப்பதும் இதே 256 தான். கேம்களிலும் அந்த வட்டாரத்தில்தான் நிற்கிறது. 128 ஜிபி ரேம் உள்ள மாடலில் 96 ஜிபி வரை கிராஃபிக்ஸுக்கென்று விண்டோஸில் ஒதுக்கிவிடலாம்.

அப்படியானால் எல்லா லேப்டாப்பிலும் இதைப் போட்டுவிட வேண்டியதுதானே? விலை விடாது. 256 பிட் அகலம் என்றால் ரேம் சிப்களும் அவற்றுக்கான போர்டு வயரிங்கும் இரட்டிப்பு, சிப்பும் பெரிது. எச்பி இசட்புக் அல்ட்ரா ஜி1ஏ, ஆசஸ் ஃப்ளோ இசட்13 போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய மாடல்களில்தான் வந்தது. அவை எதுவும் மலிவு இல்லை. 'இன்டக்ரேட்டட் என்றால் சிக்கனம்' என்ற பழைய எண்ணம் இங்கே தலைகீழாகிவிட்டது.

இப்போது தனி கார்டின் பக்கம். என்விடியாவின் லேப்டாப் 5070 டிஐ-க்கு 12 ஜிபி மெமரி, விநாடிக்கு 672 ஜிபி. 5080-க்கு 16 ஜிபி, 896. 5090-க்கு 24 ஜிபி, அதே 896. பி390-உடன் வைத்துப் பார்த்தால் மெமரி வேகம் நாலு முதல் ஆறு மடங்கு. இந்த உயரத்துக்கு இன்டக்ரேட்டட் அடுத்த ஒன்றிரண்டு தலைமுறைகளில் வராது. ஆப்பிளின் மேக்ஸ் வகைகள் மட்டும்தான் பக்கத்தில் வருகின்றன, அவையும் மெமரி வேகத்தில்தான். பெயரில் மயங்காதிருக்க ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். லேப்டாப் 5090-இல் 10,496 கோர், என்விடியாவின் பட்டியலில் உச்ச மின்செலவு 150 வாட். டெஸ்க்டாப் 5090-இல் 21,760 கோர், 575 வாட். ஒரே எண்ணைக் குத்தி இரண்டையும் விற்பது என்விடியாவின் பழைய வழக்கம்.

எனக்கு எரிச்சல் வருவது 5070-ஐப் பார்க்கும்போது. 2025-இல் வந்த லேப்டாப் 5070-க்கு மெமரி 8 ஜிபி. 5060-க்கும் 8 ஜிபி. மெமரி வேகமும் இரண்டுக்கும் ஒன்றுதான், 384. அதிக விலை கொடுத்து வாங்கிய பிறகு, புதிய கேமில் டெக்ஸ்சர் தரத்தைக் குறைத்து வைத்து ஆடுவதற்கா? மெல்லிய லேப்டாப்பில் தனி கார்டுதான் வேண்டும் என்று நிற்பவர்கள் 5060-உடன் நிறுத்திக்கொள்ளலாம், அல்லது ஒரே தாவாக 5070 டிஐ-க்குப் போகலாம். நடுவில் கால் வைக்க இடமில்லை.

உங்கள் வேலைகளை இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எடிட்டிங்கில் பெரும்பாலோர் கவனிக்காத சூட்சுமம் ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு எடுக்கும் சோனி, கேனன் மிரர்லெஸ் கேமராக்களில் இப்போது நிற விவரத்தை அதிகமாகப் பதியும் 4:2:2 10 பிட் வைத்துத்தான் பலர் எடுக்கிறார்கள், கலர் கிரேடிங்கில் பட்டுப்புடவையின் நிறம் கலங்காமல் நிற்கும் என்பதற்காக. அந்த ஃபைலை டைம்லைனில் தடங்கலின்றி ஓட்ட, அதைப் பிரித்துப் படிக்கும் ஹார்ட்வேர் சிப்புக்குள் இருக்க வேண்டும். எச்இவிசி என்ற வீடியோ சுருக்க முறையில் வரும் 4:2:2-க்கான அந்த வசதி இன்டெல் இன்டக்ரேட்டடில் பல தலைமுறைகளாக இருக்கிறது. என்விடியாவிலோ ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. 40 வரிசையில் 4090 வாங்கியிருந்தாலும் கிடையாது. ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கிய கார்டு சும்மா இருக்க, பக்கத்தில் இருந்த இன்டெல் இன்டக்ரேட்டட் டைம்லைனை இழுத்துக்கொண்டு போன கூத்து இதனால்தான். எனவே கட்டிங், கோர்வை, மிதமான கலர் வேலை என்றால் பி390 உள்ள மெஷின் உங்களுக்குத் தாராளம். டாவின்சி ரிசால்வில் நாய்ஸ் ரிடக்ஷனை ஏற்றி, மேலே நாலைந்து எஃபெக்ட் அடுக்குபவராக இருந்தால் கதை வேறு. அங்கே கார்டின் முழு பலமும் தேவைப்படும்.

பிளெண்டரைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. அதன் சைக்கிள்ஸ் என்ற ரெண்டரிங் எஞ்சினில் என்விடியாவின் ஆப்டிக்ஸ் தொழில்நுட்பத்துக்கு முன்னால் மற்றவை இன்னும் பின்வரிசையில்தான். இன்டெல் ஆர்க்குக்கு 3.3 பதிப்பிலிருந்து ஆதரவு இருக்கிறது, ஓடும். வயிற்றுப் பிழைப்பு ரெண்டரிங் என்றால் யோசிக்காமல் என்விடியா.

ஏஐ மாடல்களில்தான் விவகாரம் சுவாரசியமாகிறது. மொழி மாடல் ஒவ்வொரு சொல்துண்டை எழுதும்போதும் மாடலின் அளவுருக்கள், அதாவது அது கற்றுவைத்த எண்கள், முழுவதையும் மெமரியிலிருந்து ஒருமுறை படிக்க வேண்டும். அதனால் மெமரி வேகத்தை மாடலின் அளவால் வகுத்தால், விநாடிக்கு அதிகபட்சம் எத்தனை துண்டு வரும் என்று தெரிந்துவிடும். 800 கோடி அளவுரு கொண்ட மாடலை 4 பிட்டாகச் சுருக்கினால் சுமார் 5 ஜிபி. லேப்டாப் 5060-இல் 384-ஐ 5-ஆல் வகுத்தால் 76 சொச்சம். பாந்தர் லேக்கில் 153-ஐ வகுத்தால் 30. இரண்டுமே நாம் படிக்கும் வேகத்தைவிட அதிகம். நடைமுறையில் இதைவிடக் குறையும் என்றாலும் விகிதம் இப்படித்தான். இப்போது 7,000 கோடி அளவுரு மாடலை எடுங்கள். 4 பிட்டில் சுமார் 40 ஜிபி. 8 ஜிபி கார்டில் நுழையவே நுழையாது, 24 ஜிபி 5090-இலும் நுழையாது. மிச்சம் மெயின் ரேமுக்கு வழிந்து, வேகம் நத்தையாகிவிடும். ஸ்ட்ரிக்ஸ் ஹாலோவில் முழுதாக உட்காரும், விநாடிக்கு ஆறு துண்டு. எம்4 மேக்ஸில் பதின்மூன்று. மெதுவாக இருந்தாலும் ஓடும். ஓடாத வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நேர்மை இல்லை. நீளமான ஆவணத்தைக் கொடுத்து 'படித்துச் சுருக்கு' என்றால், அந்தப் படிக்கும் கட்டத்தில் மெமரி வேகத்தைவிடக் கணக்குப் போடும் திறன்தான் முக்கியம். அங்கே தனி கார்டு பறக்கும். படம் உருவாக்கும் மாடல்கள், சிறிய அளவில் ஃபைன் ட்யூனிங் (தயாராக உள்ள மாடலை நம் தேவைக்கு மேலும் பழக்குவது) செய்து பார்ப்பது எல்லாம் பெரும்பாலும் 'கூடா' (CUDA) என்ற என்விடியாவின் மென்பொருள் தளத்தை நம்பி எழுதப்பட்டவை. மற்ற சிப்களில் ஓட வைக்கலாம், ஆனால் பாதி ராத்திரி எரர் மெசேஜைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். கற்றுக்கொள்ளும் கட்டத்தில் இருப்பவருக்கு அந்தத் தலைவலி தேவையா என்பது அவரவர் பொறுமையைப் பொறுத்தது. அப்புறம், டப்பாவில் பெரிதாக எழுதியிருக்கும் என்பியு (ஏஐ வேலைக்கென்று ப்ராசசருக்குள் வைத்த பகுதி), டாப்ஸ் (அதன் வேகக் கணக்கு) எண்களை இந்த முடிவுக்குள் கொண்டுவராதீர்கள். நீங்கள் ஓட்ட நினைக்கும் கருவிகளில் பெரும்பாலானவை அதைத் தொடுவதே இல்லை.

கேமுக்கு வருவோம். வார இறுதியில் 1080பி-யில், மீடியம் செட்டிங்கில் ஆடுவதற்குப் பி390 போதும். ரே ட்ரேசிங்கை முழுதாகப் போட்டு 2.8கே திரையில் ஆட வேண்டும் என்றால் போதாது. ஆன்லைன் போட்டி கேம் எதையாவது உயிராக நினைப்பவரா? அது ஆர்க் டிரைவரில் எப்படி ஓடுகிறது என்று யூடியூபில் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இன்டெல் டிரைவர்கள் நிறைய முன்னேறிவிட்டன, ஆனால் என்விடியாவுக்கு இருக்கும் இருபது வருடப் பழக்கம் ஒரே நாளில் வந்துவிடாது.

எண்களில் தெரியாத, கூடவே வாழும்போது தெரியும் விஷயங்கள் சில இருக்கின்றன. 2010-இல் என்விடியா ஆப்டிமஸைக் கொண்டுவந்ததிலிருந்து, தேவையில்லாதபோது தனி கார்டு தூங்கிவிடும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், ஒழுங்காகத் தூங்கினால். பல லேப்டாப்களில் எச்டிஎம்ஐ துளை நேராகத் தனி கார்டுடன் இணைந்திருக்கும். மேசையில் ஒரு மானிட்டரைச் செருகிவிட்டால் போதும், வெறும் எக்செல் திறந்திருந்தாலும் கார்டு விழித்துக்கொண்டே இருக்கும், ஃபேன் ஊதிக்கொண்டே இருக்கும். 2019-இன் 16 அங்குல மேக்புக் ப்ரோ வைத்திருந்தவர்களைக் கேட்டால் இதைப் பற்றி விலாவாரியாகச் சொல்வார்கள். தனி கார்டு மாடல் வாங்கினால், எந்தத் துளை எந்தச் சிப்புக்குப் போகிறது என்று பார்த்து, தினசரி வேலைக்கு இன்டக்ரேட்டடுக்குப் போகும் தண்டர்போல்ட் துளையில் மானிட்டரை மாட்டுங்கள். பெரிய வித்தியாசம் தெரியும்.

பேட்டரி விஷயம் இன்னும் எளிது. விமானத்தில் அனுமதிக் கேட்காமல் கொண்டுபோகும் வரம்பு 100 வாட்-மணி என்பதால் லேப்டாப் பேட்டரிகள் 99 சொச்சத்தோடு நின்றுவிடும். கார்டு 100 வாட், ப்ராசசர் 40 வாட் இழுத்தால் ஒரு மணி நேரம் கூடத் தாங்காது. அதனால்தான் சார்ஜரைப் பிடுங்கியதும் தனி கார்டு பாதி வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. மண்டபத்திலேயே உட்கார்ந்து, பிளக் பாயிண்ட் கிடைக்காமல் ஹைலைட்ஸ் வெட்டும் எடிட்டருக்கு இது சின்ன விஷயம் இல்லை. இன்டக்ரேட்டட் மெஷின் பிளக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி நடந்துகொள்ளும்.

சூடு பற்றியும் ஒரு வார்த்தை. விமர்சகர்கள் லேப்டாப்பைச் சோதிப்பது ஏசி அறையில். சித்திரை மாதத்தில் ஃபேன் மட்டும் சுற்றும் அறையில் காற்றே 36, 37 டிகிரி இருக்கும்போது, அந்த விமர்சனத்தில் பார்த்த வேகத்தை எதிர்பார்க்க முடியாது. இடிபடுவது முதலில் மெல்லிய உடம்பில் இருக்கும் தனி கார்டுதான். நீண்ட நாள் உழைப்பையும் யோசியுங்கள். லேப்டாப் கிராஃபிக்ஸ் சிப்களின் பொதிப்புக் குறைபாட்டுக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை செலவு ஒதுக்குவதாக 2008 ஜூலையில் என்விடியா அறிவிக்க வேண்டியிருந்தது. 2011 முதல் 2013 வரையிலான மேக்புக் ப்ரோக்களில் சிலவற்றுக்கு 2015-இல் ஆப்பிள் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் கொண்டுவந்தது, திரையில் கோடு கோடாக வந்து நின்றுபோனதற்காக. இன்றைய கார்டுகள் அப்படி என்று நான் சொல்லவில்லை. சூடாகி ஆறி, சூடாகி ஆறி ஓடும் பெரிய சிப் ஒன்று கூடுதலாக இருந்தால், கெட்டுப்போக ஒரு இடமும் கூடுதலாக இருக்கிறது.

'இன்டெல்லும் என்விடியாவும் சேர்ந்துவிட்டார்களே, அதற்குக் காத்திருக்கலாமா?' என்பது அடுத்த கேள்வியாக வரும். 2025 செப்டம்பரில் இன்டெல்லில் 500 கோடி டாலர் முதலீடு செய்வதாக என்விடியா அறிவித்தது. இன்டெல் ப்ராசசரும் ஆர்டிஎக்ஸ் கிராஃபிக்ஸும் ஒரே பொதியில் வரும் என்றும் சொன்னார்கள். வந்தால் இந்த இன்டக்ரேட்டட், தனி கார்டு சண்டையின் எல்லைக்கோடே அழிந்துவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதே மாதிரி ஒரு கல்யாணத்தை 2018-இல் பார்த்திருக்கிறோம். கேபி லேக்-ஜி என்று இன்டெல் ப்ராசசர், ஏஎம்டி ரேடியான் வேகா எம், 4 ஜிபி எச்பிஎம்2 மெமரி மூன்றையும் ஒரே பொதியில் போட்டார்கள். டெல் எக்ஸ்பிஎஸ் 15 டூ-இன்-ஒன், எச்பி ஸ்பெக்டர் எக்ஸ்360 15 இரண்டிலும் வந்தது. நல்ல பொருள். 2019 அக்டோபரில் இன்டெல் கடையைக் கட்டிவிட்டது. சிப்பைச் செய்தவர் ஒருவர், டிரைவர் கொடுக்க வேண்டியவர் இன்னொருவர் என்ற நிலையில், வாங்கியவர்கள் புதிய டிரைவருக்கு ஏங்கிக்கொண்டிருந்தார்கள். எனவே இரண்டு கம்பெனி சேர்ந்து செய்யும் முதல் தலைமுறைப் பொருளுக்காக வேலையை நிறுத்திவைத்துக் காத்திருக்க நான் சொல்ல மாட்டேன்.

காத்திருப்பதில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக்கொண்டிருக்கிறது. மைக்ரான் தன் குரூஷியல் சில்லறை வியாபாரத்தையே மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவிக்கும் அளவுக்கு. இது இன்டக்ரேட்டட் வாங்குபவரை இரட்டிப்பாகப் பாதிக்கும். ப்ராசசர், கிராஃபிக்ஸ் இரண்டுக்கும் ஒரே ரேம் என்பதால் 16 ஜிபி என்று எழுதியிருந்தாலும் உங்கள் கைக்கு வருவது அதைவிடக் குறைவு. வேகமான எல்பிடிடிஆர்5எக்ஸ் ரேம் பெரும்பாலும் போர்டில் சால்டர் செய்யப்பட்டே வருகிறது, பிறகு ஏற்ற முடியாது. வாங்கும் அன்று எடுக்கும் முடிவுதான் கடைசி முடிவு. 32 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள். ஏஐ ஆசை நிஜமான ஆசை என்றால் எஸ்எஸ்டியில் ஒரு படி குறைத்தாவது 64-க்குப் பாருங்கள். எஸ்எஸ்டியைப் பெரும்பாலான மாடல்களில் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

நீங்கள் சொன்ன வேலைகளின் வரிசை அதேதான் என்றால், பெயரில் 'எக்ஸ்' உள்ள பாந்தர் லேக், 32 ஜிபி, 14 அங்குலம் என்று போங்கள். அதே பணத்தில் 5060 கார்டு உள்ள 16 அங்குல மெஷின் கிடைக்கும், வேகமும் அதுதான் அதிகம். ஆனால் எடையும் சார்ஜர் செங்கல்லும் நீங்கள் சுமக்கத் தயாரா என்பதைக் கடையில் தூக்கிப் பார்த்தே முடிவு செய்யுங்கள். அதைத் தேர்ந்தெடுத்தால் கார்டின் வாட் எண்ணைக் கேளுங்கள். லேப்டாப் 5060-க்கு 45 முதல் 100 வரை எதுவாகவும் இருக்கலாம். 80-க்குக் கீழே என்றால் அந்த மாடல் வேண்டாம். விற்பனையாளருக்கு அந்த எண் தெரியவில்லையென்றால், டெமோ மெஷினில் என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து சிஸ்டம் இன்ஃபர்மேஷனைச் சொடுக்கினால் 'மேக்சிமம் கிராஃபிக்ஸ் பவர்' என்ற வரியில் அது எழுதியிருக்கும்.